பந்தியா, வயசா

பதினாறாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற ஒருவருக்குப் பெருக்கவே மனசு வராது என்றால் நம்புவீர்களா? நான் அப்படி ஒருவரோடு ஒரு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். பெயர் வேண்டாம். வகுப்பில் எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம், பாடம் எடுத்த நான் உட்பட. என்னைவிட அவர் வயதில் மூத்தவர். அவர் என்னை டீச்சர் என்பார். நான் அவரை அக்கா என்பேன். இந்த ஏற்பாட்டில் இரண்டு பேருக்கும் சிரமம் இருக்கவில்லை. சிரமமெல்லாம் விகிதத்தில்தான்.

நான் அரசுப் பள்ளியில் ஒன்பதாவது, பத்தாவதுக்குக் கணக்கு எடுக்கிறவள். திங்கள் முதல் சனி வரை பள்ளிக்கூடம் என்னைப் பிழிந்து காயப்போட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமையாவது துணி துவைத்துவிட்டுக் கொஞ்சம் கண்ணை மூடலாம் என்றால் அதற்கும் வழியில்லாமல் போயிற்று. வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், அரசு வேலைத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இலவச வகுப்பு நடந்தது. நடத்தியவர் என் வீட்டுக்காரருக்குச் சிநேகிதர். "ரெண்டு மணி நேரம்தானே சிஸ்டர், கணக்குக்கு ஆள் கிடைக்கல" என்றார். ரெண்டு மணி நேரம்தானே என்று சொல்கிற யாரும் அதற்கு முன்னால் வீட்டில் சமைத்து வைத்துவிட்டுக் கிளம்பியதில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டுமே.

அந்த அக்கா அடி அண்ணாமலையிலிருந்து வருவார். கிரிவலப் பாதையில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு டிபன் கடை. மாமியார் மாவு பார்ப்பார், கொழுந்தன் டேபிள் பார்ப்பான், வீட்டுக்காரர் கல்லாவில் இருப்பார், அக்காவுக்குத் தோசைக்கல். வகுப்புக்கு எப்போதும் முதல் ஆளாக வந்துவிடுவார். ஷேர் ஆட்டோவில் டவுனுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து. வந்ததும் சுவரோரமாக உள்ள பெஞ்சில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்து, ஒரு பாதத்தால் இன்னொரு காலின் ஆடுசதையை மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருப்பார். நரம்பு முடிச்சு முடிச்சாகத் தெரியும் கால். பாடம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் அவர் முகத்தில் இருக்கிற நிம்மதி பாடம் ஆரம்பித்த பிறகு இருக்காது.

எதற்கு இந்த வயதில் இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன். தன் சின்னப் பெண்ணுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீசுக்குப் போனாராம். அங்கே ஃபேனுக்குக் கீழே ஒரு அம்மா உட்கார்ந்து சீல் குத்திக்கொண்டிருந்தாராம்.

"அந்தம்மா எழுந்திரிக்கவே இல்ல டீச்சர். வர்றவங்க எல்லாம் நிக்கிறாங்க, அவங்க உக்காந்தே இருக்காங்க. நானும் பாத்துக்கினே நின்னேன். அப்படி ஒரு வேல வேணும். உக்காந்து செய்ற வேல."

பத்தாவதோடு படிப்பு நின்றவர். அவருக்கான வயது வரம்பு அந்த வருடத் தேர்வோடு முடிந்துவிடும். அதற்கு முன்னால் இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கணக்கு காலை வாரிவிட்டது. வீட்டிலும் இது கடைசித் தடவை என்று பேச்சு. ஆக, அந்த நாற்காலி கிடைக்குமா, இல்லை தோசைக்கல்லேதானா என்பது என் கையிலும் கொஞ்சம் இருந்தது. இதை நினைத்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னும் கொஞ்சம் அலுப்பாக இருக்கும்.

விகிதம் ஆரம்பித்த அன்று சுலபமாகத்தான் ஒன்று கேட்டேன். ரெண்டு டம்ளர் தண்ணீருக்கு மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டு ஜூஸ் கலக்குகிறோம். நாலு டம்ளருக்கு எத்தனை ஸ்பூன்?

"அஞ்சு" என்றார் அக்கா.

"எப்படிக்கா?"

"தண்ணி ரெண்டு கூடிச்சு. சர்க்கரையும் ரெண்டு கூட்டினேன்."

"நல்லா யோசிங்க. வீட்ல கலக்கும்போது அஞ்சுதான் போடுவீங்களா? இனிப்பு கம்மியாயிடாதா?"

"வீட்ல நான் ஸ்பூன்லாம் எண்ண மாட்டேன் டீச்சர். வாயில ஊத்திப் பாப்பேன்."

வகுப்பு சிரித்தது. அக்காவும் சிரித்தார். நான் கரும்பலகையில் கட்டம் போட்டேன், குறுக்கே பெருக்கிக் காட்டினேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அடுத்த கணக்கில் அக்கா திரும்பவும் கூட்டினார். அதற்கடுத்ததிலும் அப்படியே.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் இந்தத் தப்பைச் செய்யும். அதட்டினால் வழிக்கு வந்துவிடும். அக்கா அதட்டலுக்கு மசியவில்லை. அவருக்குப் புரியாமல் இல்லை, பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரிய வந்தது பங்கு பிரிக்கிற கணக்கில்தான். அண்ணனுக்கும் தம்பிக்கும் மிட்டாயை மூணுக்கு ரெண்டு என்கிற விகிதத்தில் பிரிக்கிறார்கள். அண்ணனிடம் பன்னிரண்டு இருந்தால் தம்பியிடம் எத்தனை?

"பதினொண்ணு."

"எட்டு அக்கா."

"ஏன் டீச்சர் எட்டு? மொதல்ல ஒண்ணுதானே கம்மியா இருந்துச்சு தம்பிக்கு? இப்ப நாலு கம்மியாயிடுச்சே."

"விகிதம் அப்படித்தான்."

"ஜாஸ்தி வச்சிருக்கவனுக்கு ஜாஸ்தியா கூட்டுறது, கம்மியா வச்சிருக்கவனுக்கு கம்மியா கூட்டுறது. இது என்ன நியாயம் டீச்சர்? கூட்டுனா ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தானே கூட்டணும்?"

"நியாயம் வேற, கணக்கு வேற அக்கா. பரீட்சையில நியாயத்துக்கு மார்க் இல்ல."

கொஞ்சம் சூடாகத்தான் சொல்லிவிட்டேன். முந்தின நாள் இரவு வரை விடைத்தாள் திருத்திய கண் எரிந்துகொண்டிருந்தது. அக்கா எட்டு என்று எழுதிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், அவர் அந்த எட்டுக்கு மேலே ஒரு கேள்விக்குறி போட்டார் என்று பிறகு சொல்லிச் சிரித்தாள்.

அவருடைய மற்ற நடவடிக்கையும் அப்படித்தான். வகுப்புக்கு வேகவைத்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, கொண்டுவருவார். பெஞ்சு பெஞ்சாகப் போய் ஆளுக்கு ஒரு கை. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பெண் காலையில் எதுவும் சாப்பிடாமல் வருவாள். அவளுக்கு இன்னொரு கை போடுங்களேன் என்றால் கேட்க மாட்டார். "அவளுக்கு ஒண்ணு கூட்டுனா எல்லாருக்கும் ஒண்ணு கூட்டணும் டீச்சர்" என்று திரும்பவும் முதல் பெஞ்சிலிருந்து ஆரம்பித்து அரைக் கை போட்டுக்கொண்டு வருவார். அந்தப் பசித்த பெண்ணுக்கும் அரைக் கை, டிபன் முடித்து ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தவனுக்கும் அரைக் கை. எரிச்சலாகவும் இருக்கும், அவரை அப்படியே விட்டுவிடலாம் போலவும் இருக்கும்.

ஒரு பௌர்ணமி சாயங்காலம் நானும் என் நாத்தனாரும் மலை சுற்றக் கிளம்பினோம். நாத்தனாருக்கு ஒரு வேண்டுதல், எனக்கு அவளுக்குத் துணை போகிற வேலை. அடி அண்ணாமலை வருவதற்குள் எனக்குக் குதிகால் விண்விண் என்று தெறித்தது. கடை வாசலில் என்னைப் பார்த்ததும் அக்காவின் வீட்டுக்காரர் ஓடிவந்து, "வாங்க டீச்சர், வாங்க, உக்காருங்க" என்று தன்னுடைய ஸ்டூலையே எடுத்துப் போட்டார். நல்ல மனிதர். குரலில் அவ்வளவு மரியாதை. அக்கா கல்லுக்குப் பின்னாலிருந்து தலையை அசைத்தார். வெள்ளம் மாதிரி ஜனம். மாவை ஊற்றுவதும் திருப்புவதும் எடுப்பதுமாக அவர் கை ஓயவில்லை. எங்கள் டீ ஆறி முடிகிற வரைக்கும் பார்த்தேன், கடையில் வருகிறவர் போகிறவர் எல்லாரும் உட்கார்ந்து எழுந்தார்கள். கல்லுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போடுகிற இடம்கூட இல்லை.

"எங்க வீட்ல படிக்கணும்னு ஆசப்பட்டுச்சு. ஞாயித்துக்கிழமை போய்ட்டு வான்னு நாந்தான் அனுப்புறேன் டீச்சர்" என்றார் அவர் பெருமையாக. உண்மைதான். அந்த இரண்டு மணி நேரம் அவரே கல்லில் நிற்கிறாராம். ஆனால் பரீட்சை என்று ஒன்று இருக்கிறவரைக்கும்தான் அந்தச் சலுகை என்பதும் பேச்சிலேயே தெரிந்தது.

விகிதம் அக்காவுக்குப் பிடிபட்டது ஒரு முகூர்த்த நாளில். கீழே கல்யாணம். மேளச் சத்தத்தில் பாடம் எடுக்க முடியாது, லீவு விடலாம் என்றால் தேர்வு நெருங்கிவிட்டது. சாம்பார் வாசனை மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தது. "அடுத்த பந்தி, அடுத்த பந்தி" என்று யாரோ தொண்டை கிழியக் கத்தினார்கள். எனக்குத் தொண்டையும் போய், பொறுமையும் போய், கட்டம் போட்டுப் பெருக்குகிற ஆசையும் போய்விட்டது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் பெஞ்சுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"கீழ என்ன போடறாங்க?"

"இலைக்கு ஒரு ஜாங்கிரி, மூணு பூரி. வரும்போது எட்டிப் பாத்தேன்."

"பத்து இலைக்கு?"

"பத்து ஜாங்கிரி, முப்பது பூரி."

"நூறு இலைக்கு?"

"நூறு. முந்நூறு பூரி."

"ஒரு எடத்துலயாவது கூட்டுனீங்களா அக்கா? ஒண்ணுக்கு மூணு. ஒன்பது இலை ஜாஸ்தியாச்சேன்னு ஜாங்கிரியிலயும் ஒன்பது, பூரியிலயும் ஒன்பது கூட்டியிருந்தா, பத்து இலைக்கு பன்னெண்டு பூரிதான் வந்திருக்கும். பந்தியில அடிதடி ஆகியிருக்கும்."

அக்கா என்னைப் பார்த்தார். "அது இலைக்கு இலை வைக்கிறது டீச்சர்."

"விகிதம்னா அவ்ளோதான் அக்கா. அதே இலைய திரும்பத் திரும்பப் போடுறது."

அக்கா விரலால் பெஞ்சில் ஏதோ எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சத்தத்தைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"கடை மூடினதும் மிச்ச மாவுல எங்க வீட்டுக்காரருக்கு மூணு தோசை ஊத்துவேன். எனக்கு ஒண்ணு வரும். அதுவும் இலைதானே? தினம் ஒரு இலை?"

"ஆமா."

"நான் இத்தன வருஷமா என்ன நெனச்சேன்னா, ரெண்டு தோசைதானே வித்தியாசம், போகப் போக அது ஒரு பெருசாவே தெரியாதுன்னு நெனச்சேன்."

"ரெண்டாவே இருக்காது அக்கா. சேத்துப் பாத்தா மறுநாள் நாலாகும், அப்புறம் ஆறாகும். வித்தியாசம் வளந்துக்கிட்டே போகும். மாறாம இருக்கிறது அந்த மூணுக்கு ஒண்ணு மட்டும்தான்."

"எத்தன பந்தி போட்டாலும்?"

"எத்தன போட்டாலும் மாறாது."

அதற்கப்புறம் அவர் ஒரு விகிதக் கணக்கைக்கூடத் தப்பாகப் போடவில்லை. கலவை, பங்கு, வரைபட அளவு, எதைக் கொடுத்தாலும் பெருக்கிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். ஏன், எதற்கு, என்ன நியாயம் என்று கேட்பதும் நின்றுபோயிற்று. சொல்லிக்கொடுத்தவளுக்குச் சந்தோஷம் வர வேண்டும் இல்லையா? எனக்கு வரவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனசு என்னவோ போல இருந்தது. ஒருவருக்குப் பாடத்தைப் புரியவைத்துவிட்டு இப்படி நான் வருத்தப்பட்டது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து மாதிரித் தேர்வு. அதில் வயதுக் கணக்கு ஒன்று. அம்மா, மகள் வயது மூணுக்கு ஒண்ணு. மகளுக்கு இப்போது பத்து வயது. பத்து வருடம் கழித்து அம்மாவுக்கு என்ன வயது? இது கூட்டுகிற கணக்கு. பழைய அக்காவாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சரியாகப் போட்டிருப்பார். அறுபது என்று எழுதியிருந்தார்.

"என்னக்கா இது? அம்மாவுக்கு இப்ப முப்பது. பத்து வருஷத்துல அறுபதா? பத்து வருஷத்துல ஒரு பொம்பளைக்கு முப்பது வயசு ஏறுமா?"

"ஏறும் டீச்சர்" என்றார் அக்கா. "எனக்கு ஏறுச்சு."

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. அவரும் சேர்ந்துகொண்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"நீங்கதானே மாறாதுன்னு சொன்னீங்க. அதான் மகளுக்கு ரெண்டு மடங்கு போட்டதும் அம்மாவுக்கும் ரெண்டு மடங்கு போட்டேன்."

"வயசு பந்தி இல்லக்கா. வருஷம் அம்மாவுக்கும் ஒண்ணுதான் கூடும், மகளுக்கும் ஒண்ணுதான் கூடும். நாப்பது, இருபது. இங்க வித்தியாசம் அப்படியே நிக்கும். விகிதம்தான் மாறும். மூணுக்கு ஒண்ணு ரெண்டுக்கு ஒண்ணாயிடுச்சு பாருங்க."

"அப்போ மாறுற கணக்கும் இருக்குதா?"

"இருக்கு."

"எது மாறும், எது மாறாதுன்னு எப்படி டீச்சர் தெரிஞ்சுக்கிறது?"

கணக்கைப் படித்ததும் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள், இது பந்தியா, வயசா என்று, அவ்வளவுதான் என்றேன். வகுப்புக்கு அது பிடித்துப்போயிற்று. அதன் பிறகு யார் கணக்கை வாசித்தாலும் அக்கா சுவரில் சாய்ந்தபடி "பந்தியா, வயசா?" என்று ஒரு குரல் விடுவார். பெட்ரோல் கணக்குக்கும் விடுவார், மெழுகுவத்திக் கணக்குக்கும் விடுவார். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. இப்போதும் பத்தாம் வகுப்பில் வாய் தவறி வந்துவிடும். பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் முழிக்கும்.

தேர்வு எழுதிவிட்டு வாசலிலிருந்தே போன் செய்தார். கணக்கு அத்தனையும் போட்டுவிட்டாராம். விடைகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி நானும் சரிபார்த்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை. அன்று மத்தியானம் நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

முடிவு வந்த வாரம் வகுப்புக்கு வந்தார். வழக்கம்போல முதல் ஆளாக. முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எவ்ளோக்கா?"

"போன தடவைய விட ரொம்ப ஜாஸ்தி டீச்சர். அவ்ளோ ஜாஸ்தி எடுப்பேன்னு நானே நெனைக்கல."

"அப்புறம்?"

"பேப்பர் எல்லாருக்கும் ஈஸியாம். கட் ஆஃப் அதவிட ஜாஸ்தி. நான் ஏறுனேன், எல்லாரும் ஏறிட்டாங்க." சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். "வயசுக் கணக்குதான் டீச்சர். வித்தியாசம் அப்படியே நின்னுடுச்சு."

அவர் அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அழவில்லை. மல்லாட்டைப் பையை எடுத்து ஆளுக்கு ஒரு கை போட்டுக்கொண்டு போனார். எனக்கும் ஒரு கை போட்டார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். தின்ன முடியவில்லை.

இனி வர மாட்டார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு புது ஆட்கள் சேர்ந்தார்கள். சுவரோர பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார். வகுப்பு முடிந்து எல்லாரும் இறங்கிப் போன பிறகு கேட்டேன்.

"வயசு முடிஞ்சுடுச்சே அக்கா. இனிமே எழுத முடியாதே."

"தெரியும் டீச்சர்."

"வீட்ல தெரியுமா?"

"அடுத்த பரீட்சை இருக்குதான்னு கேட்டாங்க. இருக்குதுன்னேன். இருக்குதில்ல? எனக்கு இருக்குதான்னு யாரும் கேக்கல, இல்லன்னு நானும் சொல்லல." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வாரத்துல ரெண்டு மணி நேரம் டீச்சர். இங்க வந்தா உக்காந்துக்கலாம். நீங்க மட்டும் காட்டிக்குடுத்துடாதீங்க."

அந்த வருடம் முழுக்க வந்தார். நான் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சில நாள் பாடம் நடக்கும்போதே சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவார். பக்கத்தில் இருப்பவர்கள் எழுப்பப் போனால் வேண்டாம் என்று கை காட்டுவேன். என் பாடத்தில் யாராவது தூங்கினால் எனக்கு உச்சியில் ஏறிவிடும். அவர் தூங்கும்போது மட்டும் நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

வருடம் முடிகிற சமயம் நாத்தனாருக்கு இன்னொரு வேண்டுதல். திரும்பவும் அந்தக் கடை வாசல். அவர் வீட்டுக்காரர் திரும்பவும் ஸ்டூலைப் போட்டார். டீயைக் கொடுத்துவிட்டு, முகத்தில் உண்மையான கவலையோடு கேட்டார்.

"டீச்சர், நீங்க சொன்னா சரியா இருக்கும். எங்க வீட்ல இதுக்கு மேல தேறுமா? இல்ல, நிறுத்திடலாமா? அதுக்கும் சும்மா அலைச்சல்தானே."

கல்லுக்குப் பின்னால் தோசைக் கரண்டி அப்படியே நின்றது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்திடாதீங்க" என்றேன். "மத்ததெல்லாம் நல்லா போடறாங்க. இந்த விகிதம்தான் அவங்களுக்கு இன்னும் பிடிபடல. ஞாயித்துக்கிழமை தவறாம அனுப்பி வைங்க."